சட்டைத் தூளுக்கு எத்தனை மார்க்?

எனக்கு எட்டு வயதில், எங்கள் நைனா மந்தைவெளியில் கால்வாயை ஒட்டிய ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். ஆட்டோ பிரேக்கில் தேய்ந்துபோன லைனிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டி, மெஷினில் வைத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. தேய்க்கும்போது சாம்பல் நிறத்தில் தூள் பறக்கும். அதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் வீடு வரும் நைனாவுக்குப் புருவம்கூட நரைத்திருக்கும். சட்டையைக் கழற்றி என்னிடம் தருவார். அதைத் தெரு விளக்குக் கம்பத்தில் அடித்து உதறுவது என் வேலை. தம்பி அழுதாலும் அந்த வேலையை அவனுக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பட்டறையில் ஒரு டாக்டரம்மா எல்லோரையும் கேள்வி கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பீடி உண்டா, மூக்கில் துணி கட்டுவீர்களா. எனக்குத் தெரிந்தவரை, தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அது பரீட்சை. அதே பட்டறையில் இருந்த என் மாமா, மூன்று வருஷம் என்றார். நைனா பன்னிரண்டு என்றார். நைனாதான் ஃபர்ஸ்ட்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னா டாக்டரம்மா, பாஸா ஃபெயிலா?" என்றார் மாமா.

"இந்தத் தூளால பின்னாடி புற்றுநோய் வரலாம். உங்கள மாதிரி நூறு பேர எடுத்தா சில பேருக்கு வரும். இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம். யாருக்குன்னு இப்ப சொல்ல முடியாது."

"நூறு பேருக்கு எங்க போறது? நாங்க மொத்தமே அஞ்சு பேருதான் கீறோம்!" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். எனக்குத்தான் குழப்பம். இத்தனை கேள்வி கேட்டும் விடை தெரியாமல் ஒரு பரீட்சையா?

"இந்தத் துணியெல்லாம் வீட்ல யாரு உதறுறது, துவைக்கிறது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நானேதான்," என்றார் நைனா.

அப்பட்டமான பொய். "இல்ல, அம்மாதான் துவைக்கும். உதர்றது நானு!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா?"

போன வருஷத்திலிருந்துதான். ஆனால் மார்க் குறைந்துவிடுமே! "பொறந்ததுலேந்து," என்றேன்.

மாமாதான் முதலில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். நைனா அங்கிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"இவன் பொறந்தன்னிக்கு இங்கேந்து அப்டியே ஆஸ்பத்திரிக்கு ஓடுனேம்மா," என்றார் மெல்ல. "இந்தத் தூளோடதான் கையில வாங்குனேன். இவனுக்குமா வரும்?"

"சொல்ல முடியாதுப்பா. இனிமே குளிச்சு, துணிய இங்கயே மாத்திட்டுப் போங்க," என்ற டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

நான் சொன்ன பொய்க்கு நைனா இவ்வளவு அழகாக ஒத்து ஊதினாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். வீடுவரை குதித்துக்கொண்டே போனேன்.

திங்கட்கிழமை நைனா ஈரத்தலையோடு, வேறு சட்டையில் வந்தார். உதற ஒன்றுமில்லை என்றார். அந்தப் பரீட்சையில் பன்னிரண்டு வருஷத்தோடு என்னுடைய எட்டையும் சேர்த்து அவருக்கு மார்க் வாங்கிக் கொடுத்தவன் நான். என்னிடமிருந்து போய் வேலையைப் பிடுங்கிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவேயில்லை.