பூட்டைக் கேட்காதவர்கள்

டெக்சாஸின் இர்விங்கிலிருந்து நசீர் பாயின் மனைவி போன் செய்தபோது, நான் ஜெர்சி சிட்டி ஆபீஸில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவங்க மவுத்தாயிட்டாங்க. காலைல ஆபீஸ் கிளம்பும்போது நெஞ்சு வலிக்குன்னாங்க," என்றார். அன்று மாலையே, அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். எந்த விமானமும் என்னை அதற்குள் கொண்டுசேர்க்காது. துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

நசீர் பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலப்பாளையத்துக்காரர். ஒரு வங்கியில் நாங்கள் இருவரும் கான்ட்ராக்டில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துவந்தோம். ஒரு டிஸ்கை ஒரு மென்பொருள் பிரித்து அமைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வந்து எழுதினால், உள்ளே இருப்பதெல்லாம் பாழ். அதற்காக அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். டிஸ்கைத் தொடும் எந்த மென்பொருளும் முதலில் அதன் பூட்டை, அதாவது 'இப்போது என் முறை' என்ற அனுமதியை, கேட்க வேண்டும். வேறொன்று வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருள்கள் அனைத்தையும் அவரே உட்கார்ந்து அப்படி மாற்றினார்.

"கேக்காமலே உள்ள போனா என்ன பண்ணுவீங்க பாய்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண முடியாது. இது மரியாதைக்குப் போட்ட பூட்டு. எல்லாரும் கேட்டாத்தான் பூட்டு," என்றார்.

பிறகு எங்கள் மேலாளர் ராகவன், நம்மூர்க்காரர்தான், டிஸ்குகளைத் தானாகவே சீரமைக்கும் மென்பொருள் ஒன்றை வெளியிலிருந்து வாங்கினார். அது யாரையும் கேட்கிற ரகமில்லை. டெஸ்ட் பண்ணாமல் போட வேண்டாம் என்று பாய் மீட்டிங்கில் மன்றாடினார். "நீங்க ரொம்ப வொரி பண்றீங்க நசீர்," என்று ராகவன் சிரித்தார்.

அடுத்த வாரமே, பாய் பூட்டைப் பிடித்து ஒரு டிஸ்கைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கையில் அந்தப் புது மென்பொருள் கேட்காமலே உள்ளே புகுந்தது. வாடிக்கையாளர் கணக்குகள் சிதைந்தன. "பூட்டு இருக்குன்னு சொன்னது நசீர்தானே? அது ஃபெயில் ஆயிடுச்சு," என்று ராகவன் மேலிடத்தில் சொன்னார். நான் எடுத்துச் சொன்னதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பாயின் கான்ட்ராக்ட் போயிற்று. கூடவே அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பமும் போயிற்று. டெக்சாஸில் வேறு வேலை பிடித்து, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"வெயில் மட்டும் மேலப்பாளையம் மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் முதல்லேருந்து," என்றார் போனில். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

அவர் டெக்சாஸ் போன பிறகு அந்தப் பூட்டு ஆபீஸ் விதியாயிற்று. வாங்கிய மென்பொருளும் இப்போது ஒழுங்காகக் கேட்கிறது. தன் யோசனை என்று ராகவன் அதை மேடையேற்றிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். பாய் நல்ல டீம் பிளேயர் என்று இன்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார். படித்ததும் அழித்துவிட்டேன்.

மாலையில், அங்கே அடக்கம் நடக்கும் நேரத்தில், ஒரு டிஸ்கைத் தொட வேண்டியிருந்தது. வேறொரு மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் எழுதிவைத்த வரி திரையில் வந்து நின்றது: "ஒருவர் வேலையில் இருக்கிறார். தயவுசெய்து காத்திருக்கவும்."

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். உங்களுக்காக இங்கே யாரும் காத்திருக்கவில்லை, பாய். போய் வாருங்கள்.