குழுவினரில் ஒருத்தி

உடையப்பன் அண்ணன் விரலைத் தூக்கினால் எங்கள் ரூமில் யாரும் மூச்சுக்கூட விடமாட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து குளித்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் உட்காருவது எங்கள் வழக்கம். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப் அது. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் நாலு பாட்டுப் பாடுவோம். கேம்ப்பில் நெருப்புக் கூடாது என்பதால் பேட்டரி விளக்கைத்தான் தீபம் மாதிரிச் சுற்றிக் காட்டுவேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பூசை மட்டும் என் பொறுப்பு. அதனால் எனக்கு ரூமில் சாமி என்று பெயராகிவிட்டது.

முதல் பாட்டை நாங்கள் பாடுவதில்லை. அது அண்ணனுடைய போனிலிருந்து வரும். குன்றக்குடி முருகன் மேல் பாடிய பழைய பாட்டு, அறுபதுகளில் மதராசில் இசைத்தட்டாக வந்தது. ஓர் ஆண் பாடுவார், பெண்கள் கூடப் பாடுவார்கள். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வார்த்தை இல்லாமல் "ஆ" என்று இழுப்பார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் மட்டும் நிற்காமல் கொஞ்சம் மேலே போய், அங்கேயே நின்று, பிறகுதான் அடங்கும். அந்த இடம் வருகிறபோது அண்ணன் விரலைத் தூக்குவார். அதுதான் அவருடைய அம்மா.

அம்மா பெயர் சரசு. காரைக்குடிப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். பாட்டு ரெக்கார்டு பண்ண ஆள் வேண்டுமென்று கம்பெனியிலிருந்து சில பெண்களை ரயிலில் மதராசுக்குக் கூட்டிப் போனார்கள். அதில் சரசுவும் ஒருத்தி. ஒரே நாள் வேலை. அடுத்த வருசம் கல்யாணம். அதோடு பாட்டை விட்டாயிற்று. குடும்பத்துப் பெண் வாய் திறந்து பாடுவது புருசன் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. உடையப்பன் பிறந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சல் வந்து சரசு போய்ச் சேர்ந்தார். போட்டோ கிடையாது. இசைத்தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் பாடகர் பெயர் இருக்கிறது, அதுவும் தேய்ந்து பாதிதான் தெரிகிறது. அதற்குக் கீழே "குழுவினர்" என்று ஒரு வார்த்தை. இவருடைய அம்மா இந்த உலகத்தில் இருந்ததற்கு அச்சில் உள்ள அடையாளம் அந்த ஒரு வார்த்தைதான்.

சின்ன வயதில் ஊரில் கல்யாண வீடுகளில் மைக்செட்காரர் அந்தத் தட்டைப் போடுவாராம். பந்தியில் உட்கார்ந்திருக்கும் அய்யா, அதாவது அண்ணனுடைய அப்பா, சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்திவிடுவாராம். இதில் ஆத்தா குரல் எது என்று பையனாக இருந்த அண்ணன் கேட்டிருக்கிறார். "கூட்டத்துல நிக்கிறாடா" என்று மட்டும் அய்யா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை. அதனால் பையன் தானாகவே ஒரு குரலை எடுத்துக்கொண்டார். எல்லாரும் நின்ற பிறகும் நிற்கிற அந்தக் குரலை. தன்னை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் நிற்கிற மாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இது என் யோசனை, அவர் சொன்னதில்லை.

அந்தக் குரலோடுதான் அவர் வளைகுடாவுக்கு வந்தார். முதலில் கேசட்டில், பிறகு சிடியில், இப்போது போனில். யாரோ ஒரு புண்ணியவான் தன்னிடமிருந்த தட்டை ஓடவிட்டுப் படம் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். கம்பெனியில் அண்ணனுக்கு, டைல்ஸுக்கு மண் அரைக்கிற 'பால் மில்' மிஷினில் வேலை. பெரிய இரும்பு உருளைக்குள் மண்ணும் கல்லும் குண்டும் சேர்ந்து சுற்றி அரைபடும். இடி இடித்துக்கொண்டே இருக்கிற மாதிரிச் சத்தம். அதில் வருசக்கணக்காக நின்று வலது காது மந்தமாகிவிட்டது. மெல்லிசான சத்தம் கேட்பது இனிமேல் குறைந்துகொண்டுதான் வரும் என்று டெஸ்ட் எடுத்த டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருசம் விசா முடிகிறது. வயதும் ஆகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவர் மகள் ராதிகா போன் செய்தாள். பிள்ளை பிறந்திருக்கிறது, தொட்டிலில் போடுகிற விசேஷம் வைத்திருக்கிறோம், அன்றைக்கு அப்பத்தா குரலைப் போட வேண்டும் என்றாள். முழுப்பாட்டு வேண்டாம், அப்பத்தா குரலை மட்டும் தனியாக எடுத்து அனுப்புங்கள், இப்போதெல்லாம் அதற்கு வழி இருக்கிறதாம் என்றாள்.

அண்ணனுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. ஆத்தாவைத் தனியாகக் கேட்கலாம் என்று அவர் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் இருவரும் பஸ் ஏறி ஷார்ஜா போனோம். அங்கே ரோலா கடைத்தெருவில் சாதிக் பாட்ஷா என்று கீழக்கரைக்காரர் ஒருவர் போன் கடை வைத்திருக்கிறார். பழைய பாட்டென்றால் உயிர். கடையில் பேரம் பேசுகிறவர்களை நிறுத்திவைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிற மனுசர். விசயத்தைச் சொன்னதும் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கிற ஆப் தன் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார். ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்.

"அண்ணே, அந்தக் காலத்துல ஒரே ரூமு, ஒரே மைக்கு. பாடகரு, வயலினு, தபலா, பொம்பளப் புள்ளைக எல்லாம் ஒண்ணா நின்னு பாடுனது. இதைப் பிரிக்கிறது, வச்ச குழம்புல இருந்து புளியை மட்டும் வெளிய எடுக்குற மாதிரி. வந்தா நம்ம அதிர்ஷ்டம்."

அது பிரிந்து வந்தது. கம்ப்யூட்டரில் பாட்டு இரண்டாகி நின்றது. ஒன்று குரல், இன்னொன்று வாத்தியம். குரலைப் போட்டார். அந்த ஆண் பாடகர் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது. பெண்களும் வார்த்தை சொல்லி நன்றாகப் பாடினார்கள். இரண்டாம் சரணம் நெருங்கியது. அண்ணனுடைய விரல் எழுந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

பெண்களின் "ஆ" தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாகக் கேட்டு நின்றது. அதற்கு மேலே போகிற அந்தக் குரல் இல்லை. வெறும் மௌனம். பிறகு பாடகர் சரணத்தைத் தொடங்கிவிட்டார். அண்ணனுடைய விரல் அப்படியே நின்றிருந்தது.

திரும்பப் போடச் சொன்னார். அப்போதும் இல்லை. பாட்ஷா பாய் நெற்றியைச் சொறிந்துகொண்டு அடுத்ததைப் போட்டார், வாத்தியத்தை. தபலா வந்தது, வயலின் வந்தது. அந்த இடம் வந்ததும், வாத்தியங்களுக்கு நடுவில் அந்தக் குரல் எழுந்து மேலே போய் நின்றது. தெளிவாக, எந்தக் குறையும் இல்லாமல்.

அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு அது.

மிஷின் அதை வயலின் என்று நினைக்கிறது என்றார் பாட்ஷா பாய். ஒருவேளை வயலினேதானோ என்னமோ என்று பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்து காத்திருந்த பத்மநாபன் என்பவர் அதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார். பாலக்காட்டுக்காரர், ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவராம். வயலின் இல்லை, அந்தக் காலத்தில் ஆர்மோனியம் மாதிரிக் கட்டை வைத்த ஒரு கரண்டுப் பெட்டி உண்டு, அதை வாசித்தால் பெண் பிள்ளை பாடுகிற மாதிரியே இருக்கும் என்றார். பாட்ஷா பாய் ஒத்துக்கொள்ளவில்லை. வார்த்தை இருந்தால்தான் ஆப் அதை மனுசக் குரல் என்று கண்டுகொள்ளும். வார்த்தை இல்லாமல் இழுத்தால் மனுசனா வாத்தியமா என்று அதற்குத் தெரியாது, அதனால் அது குரலாகவும் இருக்கலாம் என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க பாய், அது எங்காத்தாவா, பொட்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

பாட்ஷா பாய் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாவற்றையும் அண்ணனுடைய போனில் ஏற்றிக் கொடுத்தார். டீக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்காக வேண்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அது குரலாக இருக்கட்டும் என்று வேண்டலாம். ஆனால் ஐம்பது அறுபது வருசத்துக்கு முன்னால் நடந்து முடிந்ததை இப்போது மாற்றச் சொல்லி வேண்டுவது எப்படி? பாலைவனம் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒட்டகம் தடுக்கப் போட்ட கம்பி வேலி கூடவே வந்தது.

திடீரென்று என் தொடையைத் தட்டினார். ஒரு ஒயரைக் கழற்றி என் காதில் வைத்தார். குரல் மட்டும் உள்ளதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அம்மா இல்லாததை.

"அந்த எடத்துல கேளு சாமி. பாட்டு இல்ல. ஆனா ஒரு மூச்சு இருக்கு. பாடப்போறவ இழுக்குற மூச்சு."

கேட்டேன். பஸ்ஸின் ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. காது மந்தமான மனுசருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னால் பொய். கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தடவை போடுங்கள் அண்ணே என்றேன். போட்டார். அப்போது எனக்கும் ஒரு மூச்சு கேட்டது. ஆனால் அது யாருடையது? சரணம் எடுக்கப் போகிற அந்தப் பாடகருடையதாக இருக்கலாம். பக்கத்தில் நின்ற வேறு பெண்ணுடையதாக இருக்கலாம். வயலின்காரருக்கும் மூச்சு உண்டுதானே. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், அவரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

மகளுக்கு எதை அனுப்புவது என்று கேம்ப்புக்கு வந்தும் அவருக்குத் தீரவில்லை. குரல் என்று எழுதியதை அனுப்பினால் அதில் அம்மா இல்லை. வாத்தியம் என்று எழுதியதை அனுப்பினால் அம்மா இருக்கிறாள், ஆனால் வாத்தியமாக இருக்கிறாள். அதைத்தான் கடைசியில் அனுப்பினார். அதில் உள்ள குரலை அவருடைய காது அறியும்.

கொஞ்ச நேரத்தில் ராதிகா கூப்பிட்டாள். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது கேட்காததால். அப்பா, மாத்தி அனுப்பிட்டீங்க போல, இதில் பாட்டே இல்லை, மியூசிக் மட்டும்தான் வருகிறது என்றாள். நல்லாக் கேளு தாயி என்றார். அவள் கேட்டாள். நாங்களும் அந்தப் பக்கத்திலிருந்து அது ஓடுவதைக் கேட்டோம். அந்த இடமும் வந்து போனது.

"வயலின் நல்லா இருக்குப்பா," என்றாள் ராதிகா.

அண்ணன் ம் என்றார்.

பிறகு அந்த முழுப்பாட்டையே அனுப்பினார், பிரிக்காமல், தட்டில் இருந்தபடியே. அவள் மறுபடியும் கூப்பிட்டு, இத்தனை பேர் பாடுறாங்களே, இதில் அப்பத்தா எது என்று கேட்டாள். எத்தனையோ தடவை அவளுக்கே விரலைத் தூக்கிக் காட்டியவர்தான். சின்னப் பிள்ளையில் காட்டியதை அவள் மறந்திருப்பாள்.

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல நிக்கிறா தாயி," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஏதோ ஆகிவிட்டது. போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கய்யா, ஆத்தா பாடிக் கேட்டதே இல்ல சாமி. கல்யாணம் கட்டி வந்தப்புறம் அவ வாயைத் தெறக்கல. அந்தாளுக்கும் தெரியாமத்தான சொல்லியிருக்காரு? பந்தியில கைய நிறுத்திக்கிட்டு அவரும் தேடிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

அப்படியும் இருக்கலாம். தெரிந்தும் அய்யா சொல்லாமல் விட்டிருக்கலாம். தண்ணீரைக் குடிங்கண்ணே என்றேன்.

தொட்டில் விசேஷத்தில் முழுப்பாட்டையும் போட்டதாக ராதிகா சொன்னாளாம். பிள்ளை தூங்கவில்லை, அழவும் இல்லை, பாட்டு முடிகிற வரைக்கும் முழித்துக்கொண்டு கிடந்ததாம்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல உட்கார்ந்தோம். அண்ணன் போனை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாம் சரணம் நெருங்கியதும் பழக்கத்தில் நாங்கள் எல்லாரும் மூச்சை நிறுத்தி அவர் விரலைப் பார்த்தோம். விரல் எழவில்லை. கை மடியிலேயே கிடந்தது. அவர் இடது காதைப் போனுக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு, பெண்கள் முதல் வார்த்தை பாடிய இடத்திலிருந்தே ஒவ்வொரு குரலாகத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் நிறுத்திய பிறகும் அது நின்றது, மேலே போனது, அடங்கியது. அப்போதும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. நான் பேட்டரி விளக்கை எடுத்தேன். அவர் சைகை காட்டினார், இன்னொரு தடவை என்று.