பிரேக் மாட்ட ஒரு ஓட்டை

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கயிறு, கதவு, மோட்டாரை எல்லாம் மற்றவர்கள் கையில் விடுவார். பிரேக்கை மட்டும் தானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் அவர் தனியாக ஏறி, உச்சி மாடி வரை போய் இறங்குவார். அதற்குப் பிறகுதான் இன்னொரு உயிர் அதில் கால் வைக்கலாம். முதலாளியின் மாமனாரே ஒருமுறை பையும் கையுமாகக் கீழே காத்து நின்றிருக்கிறார். வீட்டில் அவர் வாயில் அதிகம் வரும் சொல், "மெதுவா".

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்த பெண் சைக்கிள் பந்தயத்துக்குப் போனாள். அதுவும் பிரேக்கே இல்லாத சைக்கிளில்.

கூரை போட்ட பெரிய அரங்கம். உள்ளே மரப்பலகை ஓடுதளம். வளைவுகளில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே ஓட்டும் சைக்கிளில் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும், காலுக்கு ஓய்வே கிடையாது. ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் மொத்தமாக விழுவார்கள் என்பதால் பிரேக்குக்கு அனுமதி இல்லை. இதையெல்லாம் மகள் சாப்பாட்டு மேஜையில் சாவகாசமாகச் சொன்னாள். இதுவரை அரங்கத்துச் சைக்கிளில் பழகியவள், அடுத்த மாதப் போட்டிக்குச் சொந்தமாக ஒன்று கொண்டுவர வேண்டுமாம்.

கடையில் அவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் இரண்டு இருந்தன. சிவப்பு ஒன்று, மொட்டையாக. கறுப்பு ஒன்று, முன்பக்கம் பிரேக்கோடு.

"சிவப்புதாம்பா. அரங்கத்துக்குன்னே செஞ்சது. கறுப்பு ரோட்டுல ஓட்டுறது."

"ரெண்டுலயும் பெடல் ஒரே மாதிரிதானே சுத்துது?"

"சுத்துது. ஆனா உள்ள போறப்ப பிரேக்கைக் கழட்டச் சொல்லிடுவாங்க."

"கழட்டிக்கலாம். மாட்டுறதுக்கு ஓட்டை இருக்குல்ல, அது போதும்."

"சார், வளைவுல பெடல் தட்டாம இருக்கணும்னா..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார். யார் காதில் விழுந்தது? இவர் அந்தப் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். ஓட்டையை நம்பிச் சைக்கிள் வாங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். மகள் முகத்தைத் தூக்கி வைத்தபடி கறுப்பைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். மகளுக்குக் காவலாக வந்த சாக்கில் அவரும் இரண்டு வாரம் அரங்கத்துச் சைக்கிளில் ஓட்டியிருந்தார், அடியில் சமதளமாக இருக்கும் நீலப் பட்டையை விட்டு ஓர் அங்குலம் மேலே ஏறாமல். மூன்றாவது ஞாயிறு, பிரேக் கழற்றிய கறுப்புச் சைக்கிளில் மகள் ஏறப் போனபோது அவர் குறுக்கே நின்றார்.

"முதல்ல நான்."

"அப்பா, இது லிஃப்ட் இல்ல!"

"எதுவா இருந்தா என்ன? நான் ஏறாததுல உன்னை ஏத்த மாட்டேன்."

பயிற்சியாளர் அம்மா சிரித்துக்கொண்டே விட்டார். "வளைவுல மட்டும் வேகத்தைக் குறைச்சிடாதீங்க சார்."

இரண்டு சுற்று நீலப் பட்டையில் போனார். அங்கேயே சுற்றினால் சோதனையா என்று மனசாட்சி இடித்தது. மூன்றாவது சுற்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். வளைவு வந்தது. ஒரு பக்கம் பலகை எழும்பி முகத்தருகே வர, மறுபக்கம் பள்ளம். இல்லாத பிரேக்கை விரல்கள் தேடின. தன்னையறியாமல் காலை இறுக்கினார், வேகம் குறைந்து, பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்த சைக்கிள் நிமிர்ந்தது. மேட்டுப் பக்கத்து வலது பெடல் கீழே வரும்போது பலகையில் கரக்கென்று இடித்தது. பின்சக்கரம் எகிறியது.

தோளில் விழுந்து, பலகையோடு தேய்ந்து, அடிவரை வழுக்கி வந்தார். தொடையில் விரல் நீள மரச்சிம்பு ஏறியிருந்தது. ஓடி வந்த மகளின் முகம் வெளுத்திருந்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது. இதே வளைவில் இவள் விழுந்திருப்பாளே என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

பயிற்சியாளர் அம்மா சைக்கிளை நிமிர்த்தி, பெடலுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். "இவ்வளவு தாழ்வா! ரோட்டு வண்டி சார் இது. எங்க வண்டியா இருந்தா இந்த வேகத்துலகூடத் தட்டியிருக்காது. நானும் பார்க்காம விட்டுட்டேன்."

கடைக்காரர் கறுப்பை எடுத்துக்கொண்டு சிவப்பைக் கொடுத்தார். இந்தத் தடவை அப்பாவே தரையில் மண்டியிட்டு, பெடலின் உயரத்தை டேப்பால் மூன்று முறை அளந்தார்.

அடுத்த ஞாயிறு. தொடையில் கட்டு. சிவப்புச் சைக்கிளை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேணாம்பா. நானே பார்த்துக்கிறேன்."

அவர் ஏறிவிட்டார். மேலே ஏறி வளைவுக்கு வந்தபோது கண்ணில் நீர் கட்டியது. மகள் கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "மெதுவாப் போனாதாம்பா விழுவீங்க! மிதிங்க!" பயத்தில் மிதித்தார். பெடல் எதிலும் இடிக்கவில்லை. இறங்கியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சைக்கிளை மகளிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஏறினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு மேலே, வளைவின் உச்சிக்கு. அங்கே அவள் தோள் ஒரு கணம் தயங்கியது. அது அவருக்குத் தெரிந்த தயக்கம்.

கம்பிக்கு மேலே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு அவர் அலறினார்:

"நிறுத்தாதே! மிதி கண்ணு, மிதி!"