பிந்தி வந்த பதில்

ஹேமாவதிக்கு முப்பத்து நான்கு வயது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். திருத்தணியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கும் சின்ன ஆபீசில் புரோகிராம் எழுதுகிறாள். சுற்றுக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் விடுவது அந்த ஆபீசின் தொழில். கெட்டிக்காரிதான். ஆனால் தான் எழுதியதில் தப்பு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள மட்டும் அவளுக்கு வாய் வராது.

முன்பெல்லாம் டிரைவர் துரைக்கண்ணு வீட்டுக்கு வீடு போன் போட்டு, எங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார். அந்தப் பழக்கத்தை ஹேமாவதி நிறுத்தினாள். நோயாளியின் விலாசத்தை அவள் கம்ப்யூட்டரில் போட்டால், புரோகிராம் இணையத்தில் உள்ள மேப் சேவையிடம் வழி கேட்கும். பதில் வந்ததும் அது துரைக்கண்ணுவின் போனில் நீலக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை விட்டு விலகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

ஆடிக் கிருத்திகை அன்று தேவகியின் முறை. கே.ஜி.கண்டிகைக்காரி, ஐம்பது வயது, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. காய்ச்சலில் முந்தைய முறை தவறிவிட்டது. இதுவும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மணிக்குள் வராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். காலை ஆறு மணிக்குத் தேவகி ஆபீசுக்குப் போன் செய்து, ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அப்போதுதான் கண்டிகை விலாசத்துக்கு வழி கேட்டிருந்த ஹேமாவதி, உடனே புது விலாசத்தைப் போட்டு மறுபடி கேட்டாள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் முதலில் வந்தது. முதல் கேள்வியின் பதில் எங்கோ தாமதித்து, சில விநாடி கழித்து வந்து, புதுப் பதிலை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. மலைமேல் தர்ம தரிசனத்தில் நின்ற எவரைக் கேட்டாலும் சொல்வார், முதலில் வந்தவர் முதலில் சாமி பார்ப்பதில்லை என்று. திரையில் விலாசம் ஆர்.கே.பேட்டை, கோடு மட்டும் கண்டிகைக்கு.

துரைக்கண்ணு போன் செய்தார். “இன்னாம்மா, கோடு கண்டிகைக்குப் போவுது? அந்தம்மா பொண்ணு வூட்ல இருக்கறதா நேத்தே எங்கிட்ட சொல்லிச்சே.”

“வெலாசம் மாத்திட்டேங்கண்ணா. கிருத்திகைக்கு ரோட்ட திருப்பி வுட்டிருக்காங்க இல்ல, அதான் சுத்திகினு போவுது. மேப்புக்கு எல்லாம் தெரியும். நீங்க போங்க.”

“ஆங், சரி” என்றார். போனார். கண்டிகையில் வீடு பூட்டிக் கிடந்தது.

அங்கிருந்து திரும்பி ஆர்.கே.பேட்டை போய், தேவகியை ஏற்றிக்கொண்டு, காவடிக் கூட்டத்துக்குள் நுழைந்து ஆஸ்பத்திரி சேரும்போது மணி ஒன்பதரை. படுக்கை போய்விட்டது. வேறு படுக்கை காலியாகும்வரை, மாலை மூன்று மணி வரை, தேவகி பிளாஸ்டிக் நாற்காலியில் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹேமாவதி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

“எம்மேலதான் தப்புங்கக்கா.”

“பேச முடியலம்மா” என்றாள் தேவகி. ஹேமாவதிக்கு வெட்கத்தில் முகம் சுண்டிப்போனது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பிந்தி வந்த பதில் என்ற பழங்கஞ்சியைக் கொட்டுவதற்குப் புரோகிராமில் ஆறு வரி போதுமாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண். கடைசியாகக் கேட்டதன் எண் இல்லாத பதில் வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அன்றைக்கே எழுதி, வேண்டுமென்றே பதில்களைத் தாமதப்படுத்தி ஐம்பது தடவை சோதித்தாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அடுத்த முறை சனிக்கிழமை. வேன் ஆறரைக்கெல்லாம் ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டு வாசலில் போய் நின்றது. சிறிது நேரத்தில் துரைக்கண்ணு போன் செய்தார்.

“அந்தம்மா இல்லம்மா. அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கே போய்ட்டாங்களாம். வண்டிய நம்பி குந்திகினு இருக்க பயமா இருக்குதுன்னு பொண்ணாண்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

பண்டிகை முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் இன்னும் குறையவில்லை. வீங்கிய காலோடு தேவகி அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பாள். ஹேமாவதி திரையைப் பார்த்தாள். கோடு சரியாக அந்த வாசல்வரை போய் நின்றிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.