மருந்து அடித்த நிரை

என் கண்ணில் மஞ்சளை முதலில் பார்த்தவள் பாக்கியம், என் கணவரின் தங்கை. மலாயாவில், கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் புல்வெட்டு வேலை செய்தோம். ஜப்பான்காரர் வருவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம்.

"அண்ணி, கண்ணு மஞ்சளா கெடக்கு. ஒங்களுக்குச் சோறு எறங்காதது இதனாலதான் லா," என்றாள்.

மஞ்சள் காமாலை (கல்லீரல் கெட்டு, பித்தம் இரத்தத்தில் கலப்பது). அதற்கெல்லாம் தோட்டத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூலிக்கு நாங்கள் வெட்டி எறிகிற களைகளிலேயே எங்களுக்கு வேண்டியது இருந்தது. வெட்டுக்காயத்துக்கு மூக்குத்திப்பூண்டு, சிரங்குக்குக் குப்பைமேனி, காமாலைக்குக் கீழாநெல்லி.

பாக்கியம் கீழாநெல்லியை வேரோடு அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுத்தாள். குடித்ததில் பாதி குமட்டி வெளியே வந்துவிடும். ஆனாலும் சில நாட்களில் சிறுநீர் தெளிந்தது, லேசாகப் பசித்தது. செடி வேலை செய்தது. இதை நான் எங்கும் மறுத்ததில்லை.

வீட்டைச் சுற்றியிருந்த செடிகள் தீர்ந்ததும், ஒரு மதியம் அவள் ஆற்றோரம் மரங்கள் நிற்கும் நிரைக்குப் போய்ப் பறித்து வந்தாள். பச்சை மாறாத, நல்ல கொழுத்த செடிகள். வழக்கம்போல் அரைத்து எனக்குக் கொடுத்தாள்.

"எனக்கும் ரெண்டு வாய் எடுத்துக்கிறேன் அண்ணி. என்னையும் தொத்திக்கிச்சின்னா யாரு சமைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே மீதியைக் குடித்தாள்.

நான் உடனே வாந்தி எடுத்தேன். எப்போதும் வருவதுதானே என்று வாயைக் கழுவிக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாக்கியம் தொண்டை எரிகிறது என்றாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பேதி கஞ்சித்தண்ணீர்போல் போனது. எனக்கும் வயிறு முறுக்கத் தொடங்கியது.

என் கணவர் ஓடிப்போய்த் தோட்டத்து டிரெசரை (மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவர்) அழைத்து வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"செடியை எந்த இடத்தில பிடுங்கினனீங்கள்?" என்று கேட்டார்.

"ஆத்தோர நிரையில ஐயா," என்றாள் பாக்கியம்.

"ஐயோ, அங்க இண்டைக்குக் காலமைதானே மருந்து அடிச்சவங்கள்!"

அவர் சொன்ன மருந்து, புல் சாவதற்குத் தெளிப்பது. ஆர்செனிக் (பாஷாணம்) கலந்தது. நிர்வாகம் அதை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடித்தவுடனே இலை வாடிவிடாது. எச்சரிக்கைக்கு நிரையில் ஒரு துணிகூடக் கட்டி வைக்கவில்லை. எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

லாரியில் எங்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருவருக்கும் இரைப்பையைக் கழுவினார்கள் (குழாய் விட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றுவது). பக்கத்துக் கட்டிலிலிருந்து பாக்கியம் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, செடிய நான் நல்லாத்தானே கழுவுனேன்?"

"நல்லாத்தான் கழுவுன, தாயி."

மறுநாள் மதியம் அவள் இறந்துபோனாள்.

என்னைப் பார்க்க வந்த டிரெசர் கட்டிலருகே நின்று, "சத்தி (வாந்தி) எடுத்தபடியாத்தான் நீங்கள் தப்பினீங்கள்," என்றார். என்னைப் பிழைக்க வைத்தது என் காமாலை. அவள் உடம்பு நல்ல உடம்பு, குடித்ததையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டது.

அதன்பின் எங்கள் லயத்து வீடுகளில் கீழாநெல்லியை யாரும் தொடவில்லை. சிலர் செடியைப் பழித்தார்கள், சிலர் பாக்கியத்தை. இரண்டும் தவறு. உங்கள் வீட்டில் ஒருவர் நோயில் கிடந்து, நீங்கள் பச்சிலை தேடிப் போகிறவரானால், இலையைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் மண்ணை விசாரியுங்கள். யார் என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள்.

காமாலை போய்விட்டது. பாஷாணம் என் பாதங்களில் நரம்புச் சேதத்தை (உணர்ச்சி மரத்துப்போவது) விட்டுச் சென்றது. இப்போது மெர்கோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் பாதங்களைத் தடவிப் பார்க்கிறேன். கைக்குக் கால் தெரிகிறது, காலுக்குக் கை தெரிவதில்லை. தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். அவசரம் என்பதே என் உடம்பை விட்டுப் போய்விட்டது. பாக்கியத்துக்குக் கிடைக்காத வருடங்களை இப்படித்தான், கீழே பார்த்துப் பார்த்து, நடந்து கழித்திருக்கிறேன்.