வலக்கண்ணில் ஒரு பொறி

பொன்னமராவதியில் கிரில் கதவு என்றால் சூசைராஜ்தான். ஊரில் பாதி வீட்டு ஜன்னல் அவர் கை பட்டது. கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போடச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். கண்ணில் பொறி விழுந்தால் ஆஸ்பத்திரிக்கா போவார் இந்த மகராசன்? பட்டறைச் சுவரில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் தொங்கும். இமையை விரித்து அதைக் கிட்டே கொண்டுபோனால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போது அவர் கால்கள் மரத்துக்கொண்டே வந்தன. நடக்கையில் செருப்பு கழன்று போவதுகூடத் தெரியவில்லை. தண்டுவடத்தில் ஏதோ நெருக்குகிறது, எம்ஆர்ஐ பார்த்தால்தான் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் காலில் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புதுக்கோட்டையில் ஸ்கேன் அறை வாசலில், மனைவி ஞானமணி அவருடைய செருப்பையும் பெல்ட்டையும் ஜெபமாலையையும் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேன் எடுக்கும் பெண் கார்த்திகா கேட்டாள். "ஒடம்புக்குள்ள பிளேட்டு, ஸ்க்ரூ எதும் இருக்காங்கய்யா? கண்ணுல எப்பயாச்சும் இரும்புத் தூள் விழுந்துருக்கா?"

"இல்லம்மா."

ஆமாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஞானமணிக்கு எல்லாம் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் அந்தக் கால்கள் வேண்டும்.

"சாவி, சில்லறை எதும் வேணாங்கய்யா. உள்ள இருக்கறது ராட்சசக் காந்தம். எப்பவும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்."

காந்தமா? இத்தனை பேர் எம்ஆர்ஐ எம்ஆர்ஐ என்றார்களே, ஒருத்தராவது காந்தம் என்று சொன்னார்களா? போன வருஷம் வலக்கண்ணில் விழுந்த பொறி ஸ்பீக்கர் காந்தத்துக்கு வரவில்லை. கிட்டே கொண்டுபோனபோதெல்லாம் உள்ளே சுருக்கென்று இழுத்தது. அந்தத் துண்டுக் காந்தத்துக்கே அப்படி. சூசைராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. பொய் சொல்லிட்டேன். கண்ணுல இருக்கு."

உடனே எடுத்த எக்ஸ்ரேயில் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கார்த்திகா அதைக் காட்டினாள்.

"நல்லவேளை சொன்னீங்க. உள்ள போயிருந்தா பார்வையே போயிருக்கும். மொதல்ல கண் டாக்டரப் பாருங்க. அத எடுக்காம இந்த ஸ்கேன் முடியாதுங்கய்யா."

"அதுவரைக்கும் காலு தாங்குமாம்மா?"

கார்த்திகா டாக்டரிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேட்க போனை எடுத்தாள். சூசைராஜ் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஞானமணி தரையில் உட்கார்ந்து அவர் காலடியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையை நீட்டினாள்.

"எந்திரிங்க, போவோம்."

"செருப்பு போட்டு விடு ஞானமணி."

"போட்டுட்டேங்க."