உதாரண வாக்கியங்களில் ஓர் அக்கா

அவரை எல்லாரும் 'அகராதி' என்றுதான் கூப்பிட்டார்கள். அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவருக்கு அந்தப் பெயர் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அகராதி பிடித்தவன் என்று ஒருத்தனைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய அக்கா அந்த அர்த்தத்தில்தான் கூப்பிட்டாள். தப்பே இல்லை, ஆள் அப்படித்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி அது. நீளமான ஓர் அறை, ஐந்து மேசை, ஐந்து பேர். பெரிய பெரிய வார்த்தைகளை மற்ற நாலு பேரும் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். அதுகள் பார்க்கத்தான் பூதம், உள்ளே ஒரே ஓர் அர்த்தத்தோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். இவர் தலையில் விழுந்ததெல்லாம் டேக், கெட், ரன், டர்ன், செட் என்று பொடிசுகள். பொடிசுதானே என்று தொட்டால் தீர்ந்தது கதை. ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், துணியின் சாயம் ஓடும், கடை ஓடும், நம் ஊரில் தேர்தலில் நிற்கிறவன் அங்கே ஓடுவான். 'ரன்' ஒன்றுக்கே ஏழு மாதம் ஆனது அவருக்கு.

அர்த்தம் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும், அதையும் எங்கிருந்தும் எடுக்காமல் சொந்தமாக எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ஒரு சொல்லுக்கு அறுபது வாக்கியம் என்றால் மனுஷன் எங்கே போவார்? கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மழை வந்தது, பஸ் போனது என்று முதல் இருபது வாக்கியம் எழுதுவார். அதற்குமேல் சரக்கு இல்லாதபோது அக்கா வந்துவிடுவாள்.

உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் போன பிறகு தனியாக இருந்துகொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். இருவருக்கும் முட்டிக்கொண்டது உப்புப் பெறாத விஷயத்தில். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவே அவள் ஒரு பேச்சு பேசிவிட்டாள். "எங்க அகராதிக்கு ஒரு வார்த்தைக்கு அறுபது அர்த்தம் தெரியும். ஒரு மனுஷிகிட்ட நாலு வார்த்தை பேசத் தெரியாது." பந்தியே சிரித்தது. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

வீம்பு இரண்டு மாதம் நீண்டது. ஒருநாள் காலை ஒன்பதரைக்கு மேசைமேல் போன் அடித்தது, அக்காவின் பெயர் தெரிந்தது. 'இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறாள், கொஞ்சம் தவிக்கட்டும்' என்று போனை அணைத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வழிக்கு வருவதற்காக அவள் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தாள். கையெழுத்துப் போட ரத்த சொந்தம் யாரும் இல்லாமல் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி போட்டாளாம். இவருக்கு நாலு நாள் கழித்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அப்புறம் ஊரை மாற்றினாள், எண்ணை மாற்றினாள். பழைய பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு இவர் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

எட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லாமல், பால்காரரிடம் வேண்டாத அரை லிட்டரைக் கூடுதலாகக் கேட்டு நிறுத்தி வைத்துக்கொண்ட எட்டு வருஷம். அவளிடம் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் மிச்சம் என்று அவருக்குத் தோன்றியது. அகராதி அச்சானதும் எல்லாப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி இலவசமாகப் போகும். எந்த ஊரில் இருந்தாலும் அவள் கைக்கும் ஒன்று போகும். பைத்தியக்கார நம்பிக்கைதான். இரண்டாயிரம் பக்கத்தை யார் வரிக்கு வரி படிக்கிறார்கள்? ஆனாலும் உதாரண வாக்கியங்களில் அக்காவை எழுதிக்கொண்டே போனார்.

தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாள் இவரைவிட வயதில் சிறியவர், கண் மட்டும் கழுகுக் கண். கைப்பிரதியோடு நேராக மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. 'மிஸ்'ல ஒரு அக்கா வர்றாங்க, 'லீவ்'ல ஒரு அக்கா போறாங்க, 'கீப்'ல ஒரு அக்கா கோவமா இருக்காங்க. யார் சார் இவங்க?"

"சும்மா உதாரணத்துக்கு எழுதினதும்மா."

"பிள்ளைங்க படிக்கிற புஸ்தகம் சார். பேனா, பஸ், மழைன்னு எழுதுங்களேன்."

எண்ணி நாற்பத்து மூன்று அக்காக்களை அந்த அம்மாள் அடித்தார். ஒன்று மட்டும் பிழைத்தது. 'ரிங்' என்ற சொல்லின் ஒன்பதாம் பொருளில், "அன்று காலை அக்கா ஒரு முறை போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை" என்ற வரி. கண்ணுக்குத் தப்பியதா, தெரிந்தேதான் விட்டாரா என்று இவர் கேட்கப் போகவில்லை. கேட்டு அதையும் கெடுத்துக்கொள்வானேன்?

புத்தகம் வெளியே போனது. ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் ஓர் அட்டை இருந்தது. பிழை கண்டால் பக்கம், சொல், திருத்தம், பெயர், தொலைபேசி எண் எழுதி அனுப்பலாம். வருகிற அட்டைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் மாதம் முப்பது வந்தன. எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, ஒரு புண்ணியவானுக்கு அட்டைப்படத்தின் நிறம் பிடிக்கவில்லை. அப்புறம் குறைந்துகொண்டே வந்து, ஐந்தாம் மாதம் தபால்காரர் இவரைப் பார்த்ததும் தானாகவே கையை விரித்தார்.

ஏழாம் மாதம் ஒன்று வந்தது. சிவப்பு மையில், வாத்தியாரம்மாவின் குண்டுக் கையெழுத்து. 'ரிங்', ஒன்பதாம் பொருள். 'ஒரு முறை அல்ல, பதினொரு முறை. அடுத்த பதிப்பில் திருத்தவும்.' பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எண் மட்டும் இருந்தது.

அவருக்குத் தெரியவே தெரியாது. முதல் அழைப்போடு அணைத்துவிட்டாரே, மிச்சம் பத்தும் அணைந்த போனுக்கு வந்தவை. வெள்ளைச் சேலைத் தாதி நேரமாச்சு என்று சொல்லச் சொல்ல, கட்டிலில் உட்கார்ந்து பத்துத் தடவை அவள் எண்ணை அழுத்தியதை நினைத்ததும் வாய்விட்டு அழுதார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், பார்க்க ஆளில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார், அதுவும் ஓய்ந்தது. மூன்றாவதும் அப்படியே. நாலாவது ஓய்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவள் எடுக்கவில்லை, ஆனால் அணைக்கவும் இல்லை.

இன்னும் ஏழு இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்தாவது முறை அழுத்தினார்.